போகவிடாமல் பிடித்திருப்பது எது?

சுருள் வடிவில் வளைத்த ஒரு குழாய் மேசைமேல் தட்டையாகக் கிடக்கிறது. அதன் உள்நுனியில் ஒரு சிறு உலோகக் குண்டை வேகமாகச் செலுத்துகிறோம். குண்டு குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வந்து வெளிநுனி வழியாக மேசைக்கு வருகிறது. அதற்குப் பிறகு அது எப்படி ஓடும்? 1980இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மெக்ளாஸ்கியும் சகாக்களும் இந்தக் கேள்வியைப் படம் போட்டு மாணவர்களிடம் கொடுத்தார்கள். வெளியே வந்த பின்னும் குண்டு கொஞ்ச தூரம் வளைந்தே ஓடும் என்று கணிசமானோர் வரைந்தார்கள். இயற்பியல் படித்திருந்த சிலரும் அப்படித்தான் வரைந்தார்கள். அத்தனை நேரம் வளைந்தே ஓடிய குண்டுக்கு வளைவு பழகிப்போயிருக்கும் என்று மனம் நினைக்கிறது.

சரியான விடை நேர்கோடு. குழாயை விட்டு வெளிவந்த கணத்தில் குண்டு எந்தத் திசை நோக்கி இருந்ததோ அந்தத் திசையில், எந்த வளைவும் இல்லாமல் அது போகும். குழாயின் சுவர்தான் அதை ஒவ்வொரு கணமும் திருப்பிக்கொண்டிருந்தது. சுவர் முடிந்த இடத்தில் திருப்பமும் முடிந்தது. குண்டிடம் வட்டம் என்று எதுவும் சேர்ந்திருக்கவில்லை.

அந்த மாணவர்களின் தவறை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. மனிதகுலத்தின் மிகச் சிறந்த மூளைகள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் அதே இடத்தில்தான் நின்றன.

*

கல் கீழே விழுவது எப்படி இயல்போ, அப்படி வானத்துப் பொருள்கள் வட்டமாகச் சுற்றுவதும் இயல்பு என்றார் அரிஸ்டாட்டில். இயல்பாக நடப்பதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. தாலமி வட்டத்தின்மேல் வட்டம் அடுக்கிக் கோள்களின் போக்கைக் கணக்கிட்டார். 1543இல் கோப்பர்நிக்கஸ் சூரியனை நடுவில் வைத்தபோது பூமி இடம் பெயர்ந்தது, வட்டம் பெயரவில்லை. தடையில்லாத தளத்தில் உருளும் பந்து உருண்டுகொண்டே இருக்கும் என்று கண்ட கலிலியோவுக்கும், அந்தத் தளம் பூமியைச் சுற்றி வளைந்து போகும் தளமாகவே இருந்தது.

வட்டத்தை உடைத்தவர் கெப்ளர். செவ்வாயின் இருப்பிடம் குறித்து டைகோ பிராஹே விட்டுச்சென்ற அளவுகளோடு அவர் போட்ட வட்டக் கணக்கு 8 கலை அளவுக்குப் பொருந்தவில்லை. வானத்தில் முழுநிலவின் அகலத்தில் அது கால் பங்குதான். அந்தக் கால் பங்கைச் சகித்துக்கொள்ள மறுத்ததால் 1609இல் கோள்களின் பாதை நீள்வட்டம் என்று அவரால் அறிவிக்க முடிந்தது. ஆனால் அத்தனை நேர்மையான அந்த மனிதரும் ஒரு பழைய கேள்வியைக் கையில் வைத்திருந்தார்: கோளை ஓட்டுவது எது? சூரியன் தன்னைத்தானே சுற்றும்போது அதிலிருந்து பரவும் ஏதோ ஒரு சக்தி கோள்களைப் பாதையோடு தள்ளிக்கொண்டு போகிறது என்று அவர் கருதினார். தள்ளுவது நின்றால் கோளும் அங்கேயே நின்றுவிடும் என்பது அதன் பொருள்.

கேள்வி தவறாக இருக்கும்வரை எவ்வளவு துல்லியமான அளவும் சரியான விடைக்குக் கொண்டுசேர்க்காது. இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

மாற்றம் படிப்படியாக வந்தது. தன்போக்கில் விடப்பட்ட எந்தப் பொருளும் நேர்கோட்டிலேயே செல்லும் என்று 1644இல் டேக்கார்ட் எழுதினார். கவணில் சுழலும் கல்லை உதாரணம் காட்டி, விடுபட்டால் அது தொடுகோட்டின் வழியே போகும் என்றார். 1659இல் டச்சுக்காரரான ஹைகன்ஸ், சுழலும் கல் கயிற்றை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று அளவிட்டார். வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுக்க வேண்டும் என்பது அவர் கண்ட விதி. ஊசல் கடிகாரம் பற்றி 1673இல் அவர் வெளியிட்ட நூலின் கடைசியில் அந்த முடிவுகள் நிரூபணம் இல்லாமல் அச்சாயின. ஆனாலும் கல் வெளியே போகத் துடிக்கிறது என்ற பக்கத்தில் இருந்துதான் அவர் பார்த்தார்.

பார்வையை உள்பக்கம் திருப்பியதில் ராபர்ட் ஹூக்குக்குப் பெரும் பங்கு உண்டு. 1666 மே மாதம் லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் நீண்ட கயிற்றில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் தள்ளிக் காட்டினார். தள்ளும் பலத்துக்கு ஏற்ப அது வட்டமாகவோ நீள்வட்டமாகவோ சுற்றியது. பக்கவாட்டில் ஒரே ஒருமுறை தள்ளு. அதன்பின் நடுவை நோக்கி ஓயாத இழுப்பு. இரண்டும் சேர்ந்தால் சுற்று. 1679 நவம்பரில் நியூட்டனுக்கு எழுதிய கடிதத்தில், கோள்களின் இயக்கத்தையும் தொடுகோட்டில் செல்லும் நேரான இயக்கம், மையத்தை நோக்கிய ஈர்ப்பு என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாமே என்று கேட்டிருந்தார். அதை முழுக் கணிதமாக்கும் திறன் ஹூக்கிடம் இல்லை, நியூட்டனிடம் இருந்தது. 1686இல் ஹூக் தன் பங்கைக் கேட்டபோது நியூட்டன் கொதித்துப்போய், தன் நூலின் மூன்றாம் பாகத்தையே வெளியிடப்போவதில்லை என்றார். வானியலாளர் எட்மண்ட் ஹாலி சமாதானப்படுத்தியதால் அது வெளிவந்தது. கணக்கு நியூட்டனுடையது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கேள்வியைத் திருப்பிப் போட்டவருக்கு உரிய மரியாதையையும் நாம் கொடுத்தாக வேண்டும்.

திருப்பிப் போட்ட கேள்வி இது: சந்திரனை ஓட்டுவதற்கு எதுவும் தேவையில்லை, அது தானாக ஓடும். நேராக ஓடிப்போகவிடாமல் அதைப் பிடித்துத் திருப்புவது எது?

*

அந்தக் கேள்விக்கு எண்ணால் விடை சொல்ல முடிகிறது. பத்தாம் வகுப்புக் கணிதம் போதும். இதை ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறையாவது தாளில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சந்திரன் நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அந்த ஆரத்தில் வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 241 கோடி மீட்டர். அதை ஒருமுறை சுற்றிவர 27.3 நாள், அதாவது 23.6 லட்சம் நொடி. ஒன்றை மற்றதால் வகுத்தால் வேகம் நொடிக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம். இனி ஹைகன்ஸின் விதி. வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்தால் 0.0027 என்று வருகிறது. சந்திரன் பூமியை நோக்கித் திரும்புவதன் முடுக்கம், மீட்டர்-நொடி அளவில், இவ்வளவுதான்.

இங்கே தரையில் விழும் பொருளின் முடுக்கம் 9.8. சந்திரனின் தொலைவு பூமியின் ஆரத்தைப்போல் 60 மடங்கு. அறுபதை அறுபதால் பெருக்கினால் 3,600. 9.8ஐ 3,600ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.0027.

1687இல் வெளியான பிரின்சிப்பியாவின் மூன்றாம் பாகத்தில் நியூட்டன் இதையே இன்னும் அழகாகச் சொன்னார். பிடிப்பு மட்டும் இருந்து பக்கவாட்டு ஓட்டம் இல்லாமல் போனால், சந்திரன் ஒரு நிமிடத்தில் பூமியை நோக்கி 15 பாரிஸ் அடியும் ஓர் அங்குலமும் விழும். கிட்டத்தட்ட 4.9 மீட்டர். இங்கே கையிலிருந்து நழுவும் கல் அதே 4.9 மீட்டரை ஒரு நொடியில் விழுகிறது. அங்கே ஒரு நிமிடம், இங்கே ஒரு நொடி. தொலைவு அறுபது மடங்கு, நேரமும் அறுபது மடங்கு. வானத்துக்கு ஒரு சட்டம், மண்ணுக்கு ஒரு சட்டம் என்று அரிஸ்டாட்டில் காலம் முதல் இருந்த எல்லைக்கோடு இந்த ஒற்றைக் கணக்கில் அழிந்துபோனது.

சந்திரன் விழுகிறது என்றால் ஏன் நம்மை நெருங்கவில்லை? விழும் அதே நொடியில் அது பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் ஓடியும் விடுகிறது. நேராகப் போயிருந்தால் நம்மிடமிருந்து சற்று விலகியிருக்கும். விலகியிருக்கக்கூடிய அந்த அளவைத்தான், ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவான அந்தத் தூரத்தைத்தான், ஒரு நொடியில் அது விழுந்து ஈடுகட்டுகிறது. அடுத்த நொடியிலும் அப்படியே.

இந்தக் கணக்கில் எங்கேயும் சந்திரனுக்கு வட்டம் என்ற ஒன்று தெரிய வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு கணத்திலும் இருப்பவை இரண்டே: இந்தக் கணத்துத் திசையும், அதற்குக் குறுக்கே ஓர் இழுப்பும். 27 நாள் கழித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வது யாருடைய திட்டமும் இல்லை. கணங்களைக் கூட்டிப் பார்க்கும் நமக்குத்தான் முழு உருவம் தெரிகிறது. முழுமையிலிருந்து தொடங்கிய பழைய சிந்தனை முழுமைக்குக் காரணம் தேடித் தோற்றது. கணத்திலிருந்து தொடங்கிய சிந்தனைக்கு முழுமை தானாகக் கிடைத்தது.

*

பிடித்திருப்பது எதுவாகவும் இருக்கலாம். சந்திரனுக்கு ஈர்ப்பு. கவண்கல்லுக்குக் கயிறு. பொருட்காட்சியில் மரணக் கிணற்றுக்குள் மோட்டார்சைக்கிள் ஓட்டுபவருக்கு மரப்பலகை.

அந்தக் கிணற்றின் மேல்விளிம்பில், பார்வையாளருக்கான வளைய மேடையில் நின்று கீழே குனிந்து பார்த்திருக்கிறேன். செங்குத்தாக நிறுத்திப் பூட்டிய பலகைகள். அடியில் சரிவான ஒரு வளையம். ஓட்டுபவர் முதலில் சரிவில் இரண்டு மூன்று சுற்று சுற்றி வேகம் எடுக்கிறார். பிறகு சுவரில் ஏறுகிறார். வண்டி நம் பக்கம் வரும்போது காலுக்கடியில் பலகை அதிர்கிறது, விலகிப்போனதும் அமைதியாகிறது, மறுபடி அதிர்கிறது. அந்த அதிர்வைக் கவனித்தால் நடப்பதெல்லாம் புரிந்துவிடும். வண்டி இருக்கும் இடத்துச் சுவர் அழுத்தப்படுகிறது. நேராகப் போக முயலும் வண்டிக்குக் குறுக்கே நின்று, அதைக் கிணற்றின் நடுவை நோக்கித் திருப்பித் தள்ளுகிறது சுவர். அந்தத் தள்ளல் பலமாக இருப்பதால் சக்கரத்துக்கும் பலகைக்கும் இடையே உராய்வு கிடைக்கிறது. உராய்வு எடையைத் தாங்குகிறது. சுவரின் ஆரம் 5 மீட்டர், உராய்வு எண் 0.8 என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 28 கி.மீ. வேகமாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் சறுக்கல்தான். அந்த வேகத்தில் அவர் தன் எடையைப்போல் 1.6 மடங்கு கனத்தை உடலில் உணர்ந்துகொண்டிருப்பார்.

மையவிலக்கு விசை அவரைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். வகுப்பறையில் இதைப் பொய் விசை என்று சொல்லிக் கடந்துவிடுவதும் உண்டு. இரண்டுமே அவசரம். வண்டியில் இருப்பவரின் உடலுக்கு அந்த அழுத்தம் முற்றிலும் உண்மை. அவரோடு சேர்ந்து சுழலும் பார்வையில் வெளிப்பக்கம் ஒரு விசை இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால் சரியான விடை வரும். மேடையில் நிற்கும் நமக்கு அப்படி ஒரு விசை தேவையே இல்லை. நேராகப் போகும் போக்கும், நடுவை நோக்கிய சுவரின் தள்ளலும் போதும். எந்தப் பார்வையில் நின்றாலும் கணக்கு நேர்மையாக முடியும். ஒரே படத்தில் இரண்டையும் கலக்கும்போதுதான் குழப்பம். கயிற்றில் சுற்றும் கல்லுக்கு உள்பக்கம் ஓர் அம்பு, வெளிப்பக்கம் அதே நீளத்தில் ஓர் அம்பு வரைந்து, இரண்டும் சமமாக இருப்பதால் கல் சுற்றுகிறது என்று எத்தனை விடைத்தாள்கள் சொல்லியிருக்கும்! மேடையிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு விசையும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால் மிஞ்சுவது எதுவும் இல்லை. எதுவும் இல்லையென்றால் கல் நேராகப் போயிருக்க வேண்டும். சுற்றுகிறது என்பதே அங்கே சமநிலை இல்லை என்பதற்குச் சாட்சி.

இந்த அறிவு உயிரோடு தொடர்புடையதும்கூட. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டைஊசி வளைவுகள். அங்கே வண்டியைத் திருப்பிப் பிடித்திருப்பது டயரின் அடியில் சாலையைத் தொடும் உள்ளங்கை அகல ரப்பரின் உராய்வு மட்டுமே. 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் கடக்க 1.5 அளவு முடுக்கம் போதும். 40 கி.மீ. என்றால் இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகி 6ஐத் தாண்டும். மழையில் நனைந்த சாலையால் 4தான் தர முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி இல்லை. அப்போது வண்டியை எதுவும் வெளியே தூக்கி எறிவதில்லை. சாலை திரும்பிவிட்டது, வண்டி திரும்ப முடியவில்லை, அவ்வளவுதான். வேகத்தின் இருமடி என்ற ஹைகன்ஸின் கண்டுபிடிப்பை ஒவ்வொரு ஓட்டுநர் பயிற்சியிலும் சொல்லித்தர வேண்டும்.

*

வட்ட இயக்கத்தில் என்னை மிகவும் ஆட்கொண்ட உண்மை வேறொன்று. பிடித்திருக்கும் விசை எப்போதும் போகும் திசைக்குச் செங்குத்தாக இருக்கிறது. முன்னாலும் தள்ளாது, பின்னாலும் இழுக்காது. அதனால் வேகம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆற்றல் எதுவும் செலவாவதில்லை. பூமி நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. 450 கோடி ஆண்டுகளாக அதைத் திருப்பிக்கொண்டிருக்கும் சூரியன் அதற்காக இழந்தது ஒன்றுமில்லை. கெப்ளர் நினைத்தபடி பாதையோடு தள்ளும் விசை ஒன்று தேவைப்பட்டிருந்தால் அதற்கு ஓயாமல் ஆற்றல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

உண்மையான பாதைகள் துல்லியமான வட்டங்களாக இருப்பதில்லை. சந்திரன் நம்மிடமிருந்து சுமார் 3.63 லட்சம் கி.மீ. முதல் 4.05 லட்சம் கி.மீ. வரை விலகியும் நெருங்கியும் செல்கிறது. நெருங்கும்போது வேகம் கூடும், விலகும்போது குறையும், ஒரு முழுச் சுற்றில் வரவும் செலவும் நேராகிவிடும். நேராகாத ஒரு சிறு கணக்கும் உண்டு. கடல் ஓதங்களின் வழியே பூமி தன் சுழற்சியில் கொஞ்சத்தைச் சந்திரனுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் சந்திரன் ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிப்போகிறது. 1969இல் அப்போலோ 11 பயணிகள் அங்கே வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான்களில் லேசர் ஒளியை அனுப்பித் திரும்பப்பெற்று இதை அளக்கிறார்கள். செலவு என்று ஒன்று நடந்தால் அது தூரத்தில் தெரிந்துவிடுகிறது.

நாமும் சுற்றிக்கொண்டிருப்பவர்களே. பூமியின் சுழற்சியில் சென்னை நொடிக்கு 450 மீட்டருக்கும் மேலான வேகத்தில் கிழக்கே போகிறது. நம்மைத் திருப்பிப் பிடிக்கப் பூமி தன் ஈர்ப்பில் முந்நூறில் ஒரு பங்கைத்தான் ஒதுக்க வேண்டியிருக்கிறது, ஆகவே நமக்குத் தெரிவதில்லை. கடிகாரத்துக்குத் தெரிந்தது. 1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள கயேனுக்கு ஓர் ஊசல் கடிகாரத்தைக் கொண்டுபோனார். அங்கே அது நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கும் மேலாகப் பின்தங்கியது. ஊசலைச் சில மில்லிமீட்டர் சுருக்கித்தான் சரிசெய்ய முடிந்தது. நிலநடுக்கோட்டருகே சுற்று பெரிது. திருப்பிப் பிடிக்கச் செலவாகும் பங்கு போக, ஊசலை ஆட்டுவதற்கு மிஞ்சும் ஈர்ப்பு சற்றுக் குறைவு. அதே சுழற்சியால் பூமி இடுப்பில் பருத்திருப்பதும் ஒரு காரணம். ஒரு கடிகாரம் பின்தங்கியதிலிருந்து பூமியின் வடிவத்தையே நியூட்டனும் ஹைகன்ஸும் ஊகித்தார்கள்.

*

சுற்றும் ஒன்றைக் கண்டால் அதைப் பிடித்திருப்பது எது, எவ்வளவு பலமாக என்று கேட்கலாம். வேகமும் ஆரமும் தெரிந்தால் பிடிக்கும் முடுக்கத்தின் அளவு தெரிந்துவிடும். பிடிப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. நம் பால்வீதியின் நடுவே எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டுக்கு ஒருமுறை எதுவுமே தெரியாத ஓர் இடத்தைச் சுற்றிவருகிறது. அதன் பாதையை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, அந்த இடத்தில் சுமார் 40 லட்சம் சூரியன்களின் நிறை ஒடுங்கியிருக்கிறது என்று ரைன்ஹார்ட் கென்செல், ஆண்ட்ரியா கெஸ் ஆகியோரின் குழுக்கள் காட்டின. அதற்காக அவ்விருவரும் 2020இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அங்கே இருக்கும் கருந்துளையை நேரில் காணாமலேயே எடை போட்ட கதை அது.

வானியலாளர் வீரா ரூபினின் கதை இன்னும் ஆழமானது. சூரியனிலிருந்து விலக விலகக் கோள்களின் வேகம் குறையும். புதன் நொடிக்கு 47 கி.மீ., நெப்டியூன் 5.4 கி.மீ. விண்மீன் திரள்களின் ஓரத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். கென்ட் ஃபோர்டு உருவாக்கிய நிறமாலைமானியைக் கொண்டு ரூபினும் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடாத் திரளை அளந்து 1970இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓரத்தில் எதிர்பார்த்தபடி வேகம் சரியவில்லை. பிறகு அவர்கள் அளந்த பல திரள்களிலும் அதே நிலை. கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களையும் வாயுக்களையும் எல்லாம் கூட்டினாலும் அந்த வேகத்தில் ஓடுபவற்றைப் பிடித்துத் திருப்பப் போதாது. அவை எப்போதோ தொடுகோட்டில் பறந்து சிதறியிருக்க வேண்டும். சிதறவில்லை. திரள்களின் கொத்து ஒன்றை ஆராய்ந்த ஃபிரிட்ஸ் ஸ்விக்கி 1933லேயே இதே பற்றாக்குறையைச் சுட்டிக்காட்டியிருந்தார், அன்று பெரிதாக யாரும் காதில் வாங்கவில்லை. காணாத அந்தப் பிடிப்புக்கு இன்று கரும்பொருள் என்று பெயர். பிரபஞ்சத்தின் பொருளில் ஆறில் ஐந்து பங்கு அதுவே என்று கணக்குகள் சொல்கின்றன. அது எதனால் ஆனது என்று எந்த ஆய்வுக்கூடமும் இன்னும் கண்டறியவில்லை. ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டுமோ என்று கருதுகிற அறிஞர்களும் இருக்கிறார்கள்.

எந்தப் பக்கம் விடை கிடைத்தாலும், அதை நோக்கி நம்மை நிறுத்தியது கயிற்றில் குண்டைத் தொங்கவிட்டு ஹூக் காட்டிய அந்த எளிய பார்வை. வட்டத்தை நிறைவின் அடையாளமாகப் பார்த்து வியந்தவரை அது நமக்கு எதையும் சொல்லவில்லை. அதைக் கணம் கணமாக உடைத்து, இந்தக் கணத்தில் இதைத் திருப்புவது எது என்று கேட்கத் தொடங்கிய பிறகு, காணாத பொருளைப் பற்றியும் சொல்லத் தொடங்கியது. பள்ளிகளில் வேகத்தின் இருமடி வகுத்தல் ஆரம் என்ற சூத்திரத்தை எழுதிப்போடுவதற்கு முன்னால் அந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டு, அவர்கள் தவறாகச் சொல்லவும் நேரம் கொடுக்க வேண்டும். சூத்திரம் தேர்வோடு மறந்துபோகலாம். கேள்வி கையில் இருப்பவருக்கு, ரூபினுக்குக் கிடைத்ததுபோல், பாடநூலில் இல்லாத ஒன்றைக் காணும் வாய்ப்பு இருக்கிறது.